ராவுத்தர் வீட்டுத் தூக்குவாளி

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். படிக்கிறவர்களும் மெதுவாகப் படித்தால் போதும், எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

ஆற்றங்கரையில் பிறந்து, அதே ஆற்றுக்குக் கொஞ்சம் மேற்கே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே தாலியறுத்தவள் நான். விடியுமுன் ஆற்றில் முங்கி எழாமல் ஒரு நாளும் அடுப்புப் பற்றவைத்ததில்லை. அந்தப் படித்துறையிலேயே போன வைகாசியில் வழுக்கி விழுந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அதைக் கேள்விப்பட்டு என் மகன் சங்கரன் ஓடி வந்தான். ராஜபாளையத்தில் பருத்தி மூட்டை அடுக்குகிற ஒரு கிட்டங்கியில் அவன் கணக்குப் பார்க்கிறான். “இனிமே ஒத்தையில இருக்க வேண்டாம்மா, எங்கூட வந்துருங்க” என்று பிடிவாதம் பிடித்தான்.

நான் போனேன். ஆனால் என் தம்பி மகன் ஆறுமுகத்தைத் தனியாகக் கூப்பிட்டு, “தை அறுப்பு முடிஞ்ச கையோட வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிரணும்” என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். என் அம்மியைக் கழுவிக் கவிழ்த்து, மேலே சாக்குப் போட்டு மூடினேன். திரும்பி வருகிறவள் செய்கிற வேலை அது.

சாத்தூர் வரைக்கும் ரயில். ரயிலைப் பற்றி எல்லாரும் சொல்லியாகிவிட்டது. கண்ணில் கரி விழுந்தது என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அங்கிருந்து கொண்டப்ப நாயக்கர் வண்டி. பருத்திப் பொதி ஏற்றுகிற வண்டியில் அன்றைக்கு நான் பொதி. நாயக்கர் எங்களோடு தமிழ் பேசினார், மாடுகளோடு தெலுங்கு பேசினார். “பதா, பதா” என்றால் மாடு நடந்தது. எங்கள் ஊர் மாட்டுக்குத் தமிழே பாதிதான் விளங்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தெரு தாண்டுகிற இடத்தில் கடையாணி எங்கோ கழன்று விழுந்து, இடப்பக்கத்துச் சக்கரம் சாய்ந்துவிட்டது. என் பேரில் குற்றம் இல்லை. நான் கனமானவளும் இல்லை. சங்கரனும் நாயக்கரும் வந்த வழியே கடையாணியைத் தேடிக்கொண்டு போனார்கள். நான் ஒரு புளியமரத்து அடியில் உட்கார்ந்தேன். ஆனி மாதத்துக் காற்று. புழுதி பல்லில் கடிபட்டது.

எதிரே ஒரு பாத்திரக்கடை. பித்தளையும் செம்பும் விற்கிற ராவுத்தர் கடை. கடையை ஒட்டியே வீடு. அந்த வீட்டிலிருந்து என் வயதில் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். தலையில் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“ஆச்சி, வெயில்ல ஒக்காந்திருக்கியளே. உள்ள வந்து செத்த நேரம் ஒக்காருங்க.”

“இருக்கட்டும்” என்றேன்.

“தண்ணியாவது குடிங்க.”

“வேண்டாம்.”

என் நெற்றித் திருநீற்றை ஒரு பார்வை பார்த்தாள். “ஓகோ” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். கோபித்தால் கோபிக்கட்டும், நான் இந்த ஊர்க்காரியா என்ன. ஆனால் அவள் கடைப்பக்கமாகத் திரும்பி வந்தாள். கையில் மூடியோடு ஒரு பித்தளைத் தூக்குவாளி, தோளில் ஒரு சுருள் கயிறு.

“இது கடையில இருக்கிற புது வாளி. இன்னைக்குக் காலைலதான் உள்ளுக்கு ஈயம் பூசுச்சு. யாரு வாயும் படல, எங்க வீட்டுத் தண்ணியும் படல. அந்தா தெரியுது பாருங்க, அது சத்திரத்துக் கெணறு. நீங்களே எறைங்க, நீங்களே குடிங்க. எங்க வாசல்ல ஒருத்தி நாக்கு வறண்டு ஒக்காந்திருந்தா எனக்குச் சோறு எறங்காது.”

போய் இறைத்துக் குடித்தேன். நல்ல தண்ணீர்தான். ஆற்றுத் தண்ணீர் இல்லை, ஆனாலும் நல்ல தண்ணீர்.

கடையாணி கிடைத்துவிட்டது. நாயக்கர் அவசரப்படுத்தினார். ஏறி உட்கார்ந்து, ஊர் தாண்டி வெகுதூரம் போன பிறகு பார்க்கிறேன், வாளி என் மடியில் இருக்கிறது. கடைச் சரக்கு, புத்தம் புதுசு. முன்பின் தெரியாத ஊரில் கால் வைத்த அன்றைக்கே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

“அம்மா, நாயக்கர் தெனம் போற பாதை. நாளைக்குக் குடுத்து அனுப்பலாம்” என்று சங்கரன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் வாளியைப் புளி போட்டுத் துலக்கி வைத்தேன். ஆனால் வெறும் பாத்திரத்தைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. இரவல் வாங்கின பாத்திரம் நிறைந்துதான் போக வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி உப்பாவது. ஊரிலிருந்து கொண்டுவந்த கூழ்வடகத்தை வாளி நிறையப் போட்டு நாயக்கரிடம் கொடுத்தேன். அத்தோடு முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டேன்.

முடியவில்லை. அடுத்த நடையிலேயே வாளி திரும்பி வந்தது. நிறைய எள்.

“தண்ணி பட்டா வாளி பழசாம், கடைக்கு ஆகாதாம்” என்றார் நாயக்கர். “வடகம் நல்லாருந்துச்சாம். உப்புதான் கொஞ்சம் தூக்கலாம்.”

உப்புத் தூக்கலா! என் வடகத்தில் உப்புத் தூக்கல் என்று சொல்ல எங்கள் ஊரில் ஒருத்தி பிறக்கவில்லை. நாரத்தங்காய் ஊறுகாயைப் போட்டு அனுப்பினேன். “இதுல உப்பு பாக்கச் சொல்லும்” என்றேன். வாளியில் துவரை வந்தது. நான் சுண்டைவற்றல் அனுப்பினேன். மாங்காய் வந்தது. அவள் அனுப்பியதெல்லாம் பச்சைப் பொருளாகவே இருந்ததைக் கவனித்தேன். சமைத்த பண்டம் ஒரு தடவைகூட வரவில்லை. நான் எதை வாங்குவேன், எதை வாங்க மாட்டேன் என்று தெரிந்தவள்.

இதற்கு நடுவே ராஜபாளையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேற்கே மலை இருக்கிறது, பெரிய மலை. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், ஆனால் குளிக்க முடியாது. குளிப்பதற்குக் கிணறு. வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றிக்கொள்வது எனக்குக் குளியலாகவே தோன்றவில்லை. இங்கே வசதியுள்ளவர்களும் கம்பங்கூழும் சோளச்சோறும் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். முதல் வாரம் தொண்டையில் நின்றது. பிறகு, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டால் இறங்கும் என்று கண்டுகொண்டேன். தெருவில் வெள்ளைவெளேர் என்று உயரமான நாய்கள். எங்கள் ஊரில் நாய் குரைக்கும், இங்கே நாய் பார்க்கும். பார்க்கிறதுதான் பயம்.

பக்கத்து வீடுகளில் தெலுங்கு. பெண்கள் நல்லவர்கள், “ரா அம்மா, கூச்சோ” என்று உட்காரச் சொல்லுவார்கள். உட்கார்ந்த பிறகு அவர்கள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவர்களுக்குப் பாதி புரியும். சிரித்துவிட்டு எழுந்து வருவேன். என் மருமகள் கோமதி குறை சொல்ல முடியாத பெண். ஆனால் அவள் அம்மி சரியில்லை. கொத்தாத அம்மி, ஒரு பக்கம் சரிந்தது. தேங்காயை வைத்தால் குழவிக்கு முன்னால் தேங்காய் ஓடும். “நம்ம அம்மியில அரைச்சா ரெண்டு இழுப்பு” என்பேன். அவள் ஓடின தேங்காயை எடுத்துத் திரும்ப அம்மியில் வைப்பாள். நாள் முழுக்க மகன் கிட்டங்கியில், மருமகள் வேலையில், நான் மலையைப் பார்த்துக்கொண்டு. தை எப்போது வரும் என்று இருந்தேன்.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். நாங்கள் சிவன் கோயில்காரர்கள்தான், ஆனாலும் அந்தத் தேரைப் பார்க்காமல் இருக்க முடியுமா? தேர் அல்ல அது, ஒரு தெருவே எழுந்து நடந்து வருகிற மாதிரி இருந்தது. வடத்தைப் பிடித்து எத்தனையோ ஊர்ச் சனம் இழுக்கிறது. இரண்டு அடி நகரும், பிறகு நிற்கும். சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்கள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் நமக்கு மூச்சு வாங்கும். ஒரு முக்கில் தேர் சேற்றில் பதிந்து நின்றே போய்விட்டது. “இனி எப்ப கெளம்பும்?” என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். “நாச்சியாருக்கு மனசு வந்தா கெளம்பும். நீங்க போயிச் சாப்புட்டு வாங்க” என்றார்.

அப்போதுதான் பாத்திரக்கடை நினைவு வந்தது. கோமதியைச் சங்கரனோடு விட்டுவிட்டு நான் போனேன்.

“வடகத்து ஆச்சியா!” என்று அவள் வாசலுக்கே வந்துவிட்டாள். அன்றைக்குத்தான் பேர் கேட்டேன். மைமூன் பீவி. ராவுத்தர் கடையில் ஈயப் பாத்திரங்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர், மூச்சு இழுப்பு இருந்தது. “வாங்க, உக்காருங்க. ஒங்க ஊறுகாயில பாதி எனக்கு வரல, எல்லாம் அவளே தின்னுட்டா” என்றார்.

மைமூன் கொல்லையில் வேப்பமரத்து நிழலில் மூன்று கல் கூட்டினாள். கடையிலிருந்து புதுப் பானை எடுத்து வந்து வைத்தாள். ஒரு சுளகில் அரிசி, பருப்பு, கத்தரிக்காய். “நீங்களே பொங்கிக்கிடுங்க. நான் தள்ளி நின்னு வேடிக்கை பாக்கேன்.”

தள்ளி நிற்கவில்லை. பக்கத்திலேயே குந்திக்கொண்டு என் சமையலுக்கு வாய் வார்த்தையால் உப்புப் போட்டாள், நெருப்புக் குறைத்தாள், கத்தரிக்காயை வேறு மாதிரி நறுக்கச் சொன்னாள். “பொங்குறது நானா நீயா?” என்றேன். “நீதான். ஆனா மரம் என்னது” என்றாள். சோற்றை வடிக்கும்போது எங்களுக்குள் ‘நீங்க’ போய்விட்டது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

பிள்ளைகள் எத்தனை என்று கேட்டேன். தாது வருசத்துப் பஞ்சத்தில் இரண்டும் போய்விட்டன என்றாள். எங்கள் ஆற்றில் அந்த வருசமும் கொஞ்சம் தண்ணீர் ஓடியது என்று எனக்கு நினைவு. அதைச் சொல்லவில்லை. அவளுக்கும் ஓர் இலையில் சோறு போட்டேன். என் கைச்சோற்றை அவள் உண்ணத் தடை இல்லை. “உப்புக் கம்மி” என்று சொல்லிவிட்டு முழுவதும் சாப்பிட்டாள்.

தேர் அன்றைக்குக் கிளம்பவில்லை. நாங்கள் ராஜபாளையம் திரும்பினோம்.

ஆவணி, புரட்டாசி முழுக்க வாளி நடந்தது. “ரெண்டு ஆச்சிகளுக்கு நடுவுல எம் மாடு தேயுது” என்று நாயக்கர் சொல்லுவார். வண்டிச் சத்தம் கேட்டால் நான் எழுந்து வாசலுக்குப் போவதைக் கோமதி பார்த்துக்கொண்டிருந்தாள் போல. ஒருநாள் அவளே, “அத்தை, வாளி வந்தாச்சு” என்று குரல் கொடுத்தாள்.

ஐப்பசியில் நான் அதிரசம் செய்து அனுப்பினேன். கூடவே நாயக்கரிடம், “போன தடவை வந்த உளுந்துல பாதி கல்லு. ராவுத்தர் கடையில பித்தளையோட கல்லும் விக்காங்களான்னு கேளும்” என்று சொல்லிவிட்டேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன்.

மழை பிடித்துக்கொண்டது. சில நாள் கழித்து நாயக்கர் நனைந்துகொண்டே வந்து வாளியைத் தந்தார். கையில் வாங்கும்போதே தெரிந்துவிட்டது. மூடியைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. ஒரு கல் உப்புக்கூட இல்லை.

“என்ன சொன்னா?”

“அந்தம்மாவை நான் பாக்கல. வேற யாரோ ஒரு பொம்பளை வாசல்ல நின்னு குடுத்துச்சு. கடை சாத்திக் கெடந்துச்சு. வெள்ளிக்கெழமையாக்கும்னு வந்துட்டேன்.”

அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை. கல் என்று சொன்னது பொறுக்கவில்லையா? வடகத்தில் உப்புத் தூக்கல் என்று சொன்னபோது நான் பொறுத்துக்கொள்ளவில்லையா? வெறும் பாத்திரத்தை அனுப்பினால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? இனி உனக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். முகத்துக்கு நேராகச் சொல்லாமல் யாரோ ஒருத்தியிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

“ஒரு வாளிக்குப் போயி என்னம்மா” என்றான் சங்கரன்.

“வாளிக்கு இல்லலே. வாளியை அவ வாசல்ல வெச்சுட்டு வரணும். அவ சாமான் எனக்கு எதுக்கு?”

அதன் பிறகு மழையில் வண்டி ஓடவில்லை. கொஞ்சம் விட்ட அன்று காலையில் நாயக்கர் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். கோமதி வழிக்கென்று ஒரு பையில் அரிசியும் சுண்டைவற்றலும் கட்டித் தந்தாள். பாதை முழுக்கச் சேறு. ஓர் ஓடையைத் தாண்டும்போது ஒரு மாடு தண்ணீரிலேயே படுத்துக்கொண்டது. நாயக்கர் தெலுங்கில் கெஞ்சினார், பிறகு தெலுங்கில் திட்டினார். நான் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நல்ல வார்த்தைகளாக வந்தன. ஒன்றுகூட இன்று நினைவில்லை.

கடை சாத்தித்தான் இருந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை. வாசலில் ஆண்கள் கொஞ்சம் பேர் பேசாமல் நின்றார்கள். உள்ளேயிருந்து வந்த பெண்ணிடம் மைமூன் எங்கே என்று கேட்டேன். மைமூனின் கொழுந்தன் பெண்டாட்டி அவள்.

“மச்சான் மவுத்தாயிட்டாங்க. லாத்தா இத்தா இருக்கா” என்றாள். “நீங்கதான் ராசபாளையத்து ஆச்சியா? ஒங்க வாளியை நான்தான் குடுத்தனுப்புனேன்.”

லாத்தா என்றால் அக்கா. இத்தா என்றால், புருசன் இறந்த பெண் நாலு மாசம் பத்து நாள் வாசல்படி தாண்டக்கூடாது என்கிற அவர்கள் வழக்கம். வேற்று ஆண்கள் முகத்தில் விழிக்கக் கூடாது. பெண்கள் போய்ப் பார்க்கலாம். என்னை உள்ளே விட்டார்கள்.

மைமூன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெள்ளைத் துணி. கையில் வளையல் இல்லை. என்னையும் என் கையிலிருந்த வாளியையும் பார்த்தாள்.

“வந்துட்டியா” என்றாள். “மவுத்து வீட்டுல இருந்து ஒண்ணும் போட்டு அனுப்பக் கூடாதுல்ல. சொல்லி விடவும் ஆளு இல்ல. வெறும் வாளி போனா நீ புரிஞ்சுக்கிடுவேன்னு நெனைச்சேன். புரிஞ்சுக்கிட்டே.”

நின்றுகொண்டே இருந்தேன். சேற்றுக் காலோடு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. “கொஞ்சம் தண்ணி குடு” என்றேன். கொழுந்தன் பெண்டாட்டி மூலைப் பானையிலிருந்து ஒரு செம்பில் மொண்டு கொடுத்தாள். பாதி குடித்த பின்புதான் நினைவு வந்தது. மீதியையும் குடித்தேன்.

“சாப்பாடு எறங்குதா?” என்று கேட்டேன்.

“சொந்தக்காரங்க கொண்டாராங்க. சோறும் கறியும் இருக்கு. வாய்ல வெச்சா வெளிய வருது” என்றாள்.

சத்திரத்துக்குப் போனேன். வழிப்போக்கர்கள் சமைக்க அங்கே அடுப்பு உண்டு. கோமதி கட்டித் தந்த அரிசியை உடைத்துக் கஞ்சி வைத்தேன். சத்திரத்துக்காரர் ஒரு துண்டு சுக்கும் சீரகமும் தந்தார். சுண்டைவற்றலைச் சுட்டேன், எண்ணெய் இல்லை. தூக்குவாளி நிறையக் கஞ்சியை ஊற்றி, மூடி, முந்தானையால் பிடித்துக்கொண்டு திரும்பவும் அந்த வீட்டுக்கு நடந்தேன். கிணற்றடியில் நின்ற ஒருவர், “ராவுத்தர் வீட்டுக்கா கொண்டு போறிய?” என்று கேட்டார். “ஆமா, நீரும் வாரீரா?” என்றேன். அவர் வரவில்லை.

மைமூன் கஞ்சியை மெதுவாகக் குடித்தாள். வற்றலைக் கடித்தாள். “உப்பு சரியா இருக்கு” என்றாள். அது வரைக்கும் அவள் அழவில்லை என்று கொழுந்தன் பெண்டாட்டி பிற்பாடு என்னிடம் சொன்னாள். அப்போதுதான் அழுதாள்.

அதற்குப் பிறகு நாயக்கர் வண்டியில் பொதிகளுக்கு நடுவே எனக்கு ஓர் இடம் ஒதுங்கிவிட்டது. முடிந்தபோதெல்லாம் போனேன். அவள் வெளியே வர முடியாது. நான் வெளியே நடக்கிறதைச் சொல்லுவேன். தெருவில் யார் சண்டை போட்டார்கள், மாமரம் பூத்துவிட்டதா, எந்த வீட்டில் கல்யாணம். வழியில் பார்க்காததையும் சேர்த்துச் சொன்னேன், அவள் சந்தேகப்படுவாள், குறுக்குக் கேள்வி கேட்பாள்.

“ஊர் சனம் என்ன சொல்லும்னு பாக்க வேண்டாமா?” என்று சங்கரன் ஒரு தடவை கேட்டான். “எந்த ஊர் சனம்? எனக்கு இங்க யாரையும் தெரியாதே” என்றேன். அவனும் பிறகு கேட்கவில்லை.

தை பிறந்தது. அறுப்பு முடிந்ததும், சொன்ன சொல் மாறாமல், ஆறுமுகம் வந்து நின்றான். “அத்தை, கெளம்புங்க. ஆத்துல தண்ணி நல்லா போகுது” என்றான்.

ஆற்றை நினைத்ததும் உடம்பு ஒரு தடவை குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் மூட்டையைக் கட்டினேன், பிரித்தேன். சங்கரன் என்னைக் கேட்கவில்லை. கோமதி மட்டும் அம்மியில் எதையோ அரைத்துக்கொண்டே, “பங்குனியிலதானே அவங்க வெளிய வருவாங்க” என்றாள், தேங்காயிடம் சொல்கிற மாதிரி.

“ஏலே ஆறுமுகம், நீ மட்டும் போ” என்றேன். “போயி என் அம்மியை ஏத்தி அனுப்பு.”

“அம்மியா? அம்மி இங்க கெடைக்காதா அத்தை?”

“கெடைக்கும். அது சரிஞ்சிருக்கு.”

அவன் என் மகனைப் பார்த்தான். மகன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மியை எடுத்துவிட்டால் ஆற்றங்கரை வீட்டில் சமைக்க முடியாது என்று எல்லாருக்கும் தெரியும்.

மாசியில் அம்மி வந்தது. சாத்தூரிலிருந்து நாயக்கர் கொண்டுவந்தார். வழியில் வண்டிப் பலகை ஒன்று முறிந்துவிட்டதாம். “பருத்தி ஏத்துற வண்டி ஆச்சி இது. கோயிலுக்குக் கல்லு ஏத்துற வண்டி இல்ல” என்று இறக்கி முடிக்கிற வரை முணுமுணுத்தார்.

அந்த மாசியில்தான் ஒருநாள் மைமூனும் நானும் அவள் வீட்டில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில், “அன்னைக்கு வெறும் வாளியைப் பாத்ததும் எப்படிடீ புரிஞ்சுக்கிட்டே?” என்று கேட்டாள்.

“எங்க புரிஞ்சுச்சு?” என்றேன். “உளுந்துல கல்லுன்னு சொன்னதுக்கு நீ முறிச்சுக்கிட்டியோன்னு நெனைச்சேன். ஒன் வாசல்ல வாளியை வீசிட்டுப் போகத்தான் வந்தேன்.”

மைமூன் கையிலிருந்த புளியைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். “அந்த மழையில… சண்டை போட… முழங்கால் சேத்தோட…” என்று சொல்லச் சொல்லச் சிரிப்பு கூடியது. கொழுந்தன் பெண்டாட்டி ஓடி வந்து, “லாத்தா, இத்தாவுல இருக்குறவ இப்படிச் சிரிக்கலாமா, தெருவுல கேக்கும்” என்று கையைப் பிசைந்தாள். துப்பட்டியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்குப் புளியில் பாதிக்குக் கொட்டை எடுக்கவில்லை.

பங்குனியில் இத்தா முடிந்தது. முதலில் ராவுத்தரை அடக்கின கபுருக்குப் போய்விட்டு வந்தாளாம். அதற்கு அடுத்த நாள் காலையில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. நான் எழுந்து போனேன். பொதிகளுக்கு நடுவே என் இடத்தில் மைமூன் உட்கார்ந்திருந்தாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மலையைப் பார்த்தாள்.

“இம்புட்டுப் பெரிய மலைன்னு நீ சொல்லலையே” என்றாள்.

“சொன்னேன். நீதான் நம்பல.”

மெதுவாக இறங்கினாள். தூக்குவாளியை என் கையில் தந்தாள். கனமே இல்லை. மூடியைத் திறந்து பார்த்தேன்.

“வெறும் வாளியா?”

“ஆமா. போன தடவைக்கு எம்புட்டுக் கோவத்தோட வந்தே! இந்தத் தடவையும் கோவிச்சுக்கோ. ஆனா மொதல்ல சோத்தைப் போடு. காலைல இருந்து ஒண்ணும் திங்கல.”

நாயக்கர் மாட்டை அவிழ்க்காமல் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தெலுங்கு வீட்டு அம்மாக்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் வாளியை என் பாத்திரங்களோடு சேர்த்து வைத்துவிட்டு, தேங்காயை உடைத்து, என் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தேன். துவையலுக்கு இரண்டு இழுப்புத்தான்.

கோமதி வாழையிலை நறுக்கிக்கொண்டு வந்தாள். சமையலறைப் பக்கம் பார்த்தாள், கொல்லைப் பக்கம் பார்த்தாள். இலையைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்து நின்றாள்.

“என் இலைக்குப் பக்கத்துல போடு” என்றேன்.